நூற்றில் பதின்மூன்று

மூச்சு விடாமல் பேசுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கென்றே வேலைக்கு வைக்கப்பட்டவள் மைக்கக்கா ஒருத்திதான். பேருந்து நிலையத்தின் மாடியில், மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட ஓர் அறை அவளுடையது. ஒரு மேசை, ஒரு மைக், வண்டிகளின் நேரம் எழுதிய தடித்த அட்டை, ஒரு காலுக்கு மட்டும் காகிதம் மடித்து வைத்த நாற்காலி. அங்கே உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எத்தனையாவது நடைமேடையில் நிற்கிறது, எந்த வழியாகப் போகிறது, எப்போது கிளம்பும் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்தாள். வழியில் பதினான்கு நிறுத்தம் என்றால் பதினான்கையும் ஒரே மூச்சில் சொல்வாள். நடுவில் தும்மல் வந்தால்கூட அதை அடுத்த வண்டிக்குத் தள்ளிவைத்துவிடுவாள் என்று நிலையத்தில் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் குரலில் விழுந்தவர்தான் அவள் வீட்டுக்காரர். எட்டாம் நம்பர் வண்டியின் ஓட்டுநர். கல்யாணத்துக்கு முன்னால், வண்டி கிளம்பும் நேரத்தில் வேண்டுமென்றே டீக்கடையில் நின்றுகொள்வார். "எட்டாம் நம்பர் வண்டி ஓட்டுநர் உடனடியாகத் தம் வண்டிக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டால் வாயெல்லாம் பல்லாக நடந்து வருவார். ஒரு மாதத்தில் பத்தொன்பது தடவை கூப்பிட்டுச் சலித்துப்போன மைக்கக்கா, அந்த மகராசன் முகத்தைப் பார்த்துவிடுவது என்று மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அதோடு அவர் நேரத்துக்கு வண்டி எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். மூச்சுக்கு முந்நூறு தடவை "பாசிட்டிவா நினை" என்பார். டயர் வெடித்தாலும் அதுதான், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அதுதான். மூன்று பிரசவத்திலும் அறைக்கு வெளியே நின்று கதவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கதவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

கடைசிப் பெண் பத்தாம் வகுப்புப் போன வருஷம் மைக்கக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டது. போனது போகாமல் மூச்சையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பதினான்கு நிறுத்தம் ஏழாயிற்று, ஏழு நான்காயிற்று. மாடிப்படியில் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது. இதய மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். வைரஸ் இதயத்தின் தசையைக் கெடுத்துவிட்டது, அது பெருத்துத் தளர்ந்துபோய்விட்டது, மருந்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம், மற்றபடி வேறு இதயம்தான் வைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் ஓட்டுநர் மறுபடி உள்ளே போனார். "டாக்டர், என்னோடத எடுத்துக்குங்க. நல்லா ஓடற வண்டி. இதுவரைக்கும் நடுவழியில நின்னதே இல்ல" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. உயிரோடு இருப்பவரிடம் இதயம் எடுப்பதில்லை, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான் எடுப்பார்கள் என்று பொறுமையாகச் சொல்லி, இரண்டு பேரையும் பொருத்தம் பார்க்கிற ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்த ஆய்வகத்தில் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். ஒரு வாரம் கழித்து, மைக்கக்காவின் ரத்தத்தைப் பற்றி அவரிடம் இருந்த தாள் நாலு பக்கம். அவர் முதலில் கேட்டது ரத்தத்தைப் பற்றியே இல்லை.

"குழந்தைங்க எத்தனை?"

"மூணு."

"ரத்தம் எப்பவாவது ஏத்தினாங்களா?"

"மூணாவது பிரசவத்துல ரெண்டு பாட்டில்."

"அதான் பாத்தேன்" என்று அந்த அம்மாள் தாளைக் கீழே வைத்தார். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு அடையாள அட்டை மாட்டிக்கிட்டிருக்குன்னு வச்சுக்குங்க. பாதி அட்டை அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. குழந்தை வயித்துல இருக்கும்போதும், பொறக்கும்போதும் அதோட ரத்தம் துளி உங்க ரத்தத்துல கலந்துடும். உங்க ரத்தத்துல இருக்கற காவல்காரங்க பாக்கறாங்க. பாதி அட்டை நம்மளோடது, சரி. மீதிப் பாதி யாரு? முன்னப்பின்ன பாத்த முகமா இல்லையேன்னு, அந்த அட்டைக்குன்னே ஆயுதம் செஞ்சு வச்சுக்கறாங்க. உங்க மூணு பிள்ளைங்களுக்கும் அதனால ஒண்ணும் ஆகல. ஆனா ஆயுதம் இன்னும் அப்படியே இருக்கு. நாளைக்கு ஒரு இதயம் வந்து, அதுலயும் அதே மாதிரி அட்டை தொங்கிச்சுன்னா, வச்ச கொஞ்ச நேரத்துலயே அடிச்சுப் போட்டுரும்."

ஓட்டுநருக்கு ஒரு சந்தேகம். "அந்த மீதிப் பாதி அட்டை யாரோடதுங்க?"

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "உங்களோடதுதான்."

ஓட்டுநர் திருதிருவென விழித்தார். மைக்கக்கா சிரிக்க ஆரம்பித்து, மூச்சு வாங்கி நிறுத்தி, மறுபடி சிரித்தாள். "அப்ப என் ரத்தத்துக்கு இவரப் பிடிக்கலைங்கறீங்க."

"ரத்தத்துக்கு மட்டும்தாம்மா. யாரோட இதயம் பொருந்தும்னு இப்ப சொல்ல முடியாது. யாரோடது பொருந்தாதுன்னு கேட்டா, முதல் ஆள் இவருதான்."

என் இதயத்தையே உனக்குத் தருகிறேன் என்று காதலிக்கிற காலத்தில் எல்லா ஆண்களும்தான் சொல்கிறார்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்பி, எழுத்து மூலமாகத் தோற்றவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று பிள்ளைகளும் இரண்டு பாட்டில் ரத்தமும் சேர்ந்து சேர்த்துவைத்த ஆயுதங்களை அந்த அம்மாள் ஒன்றுவிடாமல் எண்ணி வைத்திருந்தார். நூறு பேருடைய இதயம் வந்தால் எண்பத்தேழு பேருடையது ஒத்துவராது. மீதிப் பதின்மூன்றில்தான் பார்க்க வேண்டும். அதிலும் ரத்த வகை சேர வேண்டும், நெஞ்சின் அளவு சேர வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டு ஓட்டுநர் சொன்னது உங்களுக்கே தெரியும். பாசிட்டிவா நினை என்றார்.

வீட்டில் இந்தச் செய்தி வேறு மாதிரி இறங்கியது. பெரியவள் நகல் எடுக்கும் கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பெண். இரண்டு நாள் ஆய்வகத் தாளையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "நாங்க பொறக்காம இருந்திருந்தா உனக்கு இந்நேரம் கிடைச்சிருக்கும் இல்லம்மா?" என்று கேட்டாள். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மைக்கக்கா எழுந்து போய்க் குழாயை மூடினாள். ஒலிபெருக்கிக் குரலில் மூன்று பேரையும் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு மூச்சு போதாது, ஆனாலும் கூப்பிட்டாள். "மூணு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க. நூறு இதயமும் எனக்குப் பொருந்தி, நீங்க மூணு பேரும் இல்லன்னா, அந்த இதயத்த வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? சுவத்துல மாட்டவா?"

பெரியவள் சோப்புக் கையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மின்வேலை கற்றுக்கொண்டிருந்த நடுப்பிள்ளைதான் நிலைமையைக் காப்பாற்றினான். "நான் மட்டும் எத்தனையக் கெடுத்தேன்னு அந்த லேப் அம்மாகிட்ட கேக்கணும்" என்றான். கடைக்குட்டி விடவில்லை. ரத்த பாட்டிலும் தன் கணக்கில்தான் வரும், அதனால் தானே முதல் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் யார் தட்டை உடைத்தாலும், யார் கதவைத் திறந்துபோட்டாலும், "எண்பத்தேழுல உன் பங்கு எத்தனடா?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

முதல் அழைப்பு நான்கு மாதம் கழித்து, ஒரு நண்பகலில் வந்தது. ஓர் இதயம் இருக்கிறது, அதன் அட்டைகள் எதுவும் உங்கள் ஆயுதப் பட்டியலில் இல்லை, தப்பிக்கும் போலிருக்கிறது, உடனே வாருங்கள், கடைசிப் பரிசோதனை ஒன்று பாக்கி. மைக்கக்காவைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஆய்வகத்து அம்மாள் கொடுப்பவரின் செல்களையும் இவளுடைய ரத்தத்தின் தெளிந்த நீரையும் கலந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். கலந்ததும் அந்தச் செல்கள் சாகின்றனவா பிழைக்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஓட்டுநரால் கட்டிலருகே நிற்க முடியவில்லை. ஆய்வகத்துக் கதவோரமாய்ப் போய் நின்றுகொண்டார். கதவுகளோடு அவருக்குப் பழைய உறவு.

உள்ளே அந்த அம்மாள் தொலைபேசியில் பேசுவது கேட்டது. "ஆமா டாக்டர். ரெண்டு தடவை பாத்துட்டேன். பாசிட்டிவ்."

ஓட்டுநர் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். வருஷக்கணக்காகத் தான் சொல்லிவந்த வார்த்தையை மருத்துவமனையே சொல்லிவிட்டதே. முதலில் பேருந்து நிலையத்துக்குப் போன் போட்டார். மைக்கக்காவுக்குப் பதிலாக மைக்கில் இருந்த புதுப் பெண் ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டாள். நடத்துநர்கள் விசில் ஊதினார்கள். டீக்கடைக்காரர் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். மனைவியின் கட்டிலுக்கு ஓடிவந்த ஓட்டுநர், "பாசிட்டிவ்! பாசிட்டிவ்!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோது மருத்துவர் உள்ளே வந்தார். அவர் முகம் குலுக்கலுக்கு ஏற்ற முகமாக இல்லை.

பாசிட்டிவ் என்றால் அவள் ரத்தம் அந்தச் செல்களை அடித்துவிட்டது என்று அர்த்தமாம். பட்டியலில் அகப்படாத ஆயுதம் ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. இந்த இதயம் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

ஓட்டுநர் மருத்துவமனை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பேருந்து நிலையத்துக்கு மறுபடி போன் போட அவருக்குத் தெம்பு இல்லை. நோயாளியாகக் கிடந்தவள்தான் இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விடுங்க. அந்த இதயம் வேற யாருக்காவது நல்லபடியாப் போய்ச் சேரும். தப்பு இதயத்த வச்சு அது உள்ள போய்ச் செத்துருந்தா என்ன பண்ணுவீங்க? அந்த அம்மா கண்டுபிடிச்சாங்களே, அது நல்லதுக்குத்தான்" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஆனா இனிமே அந்த வார்த்தைய மட்டும் வீட்டுல சொல்லாதீங்க" என்றாள்.

சொல்லவில்லை. அவர் மட்டுமா, நிலையமே சொல்லவில்லை. அவளைப் பார்க்க வருகிற ஓட்டுநர்களும் நடத்துநர்களும் "அக்கா, நெகட்டிவா நினைங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். விவரம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள், இவர்களுக்குத் துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று முடிவுகட்டினார்கள். இடையில் மருத்துவர்கள் அவள் ரத்தத்தைக் குழாய் வழியாக எடுத்து, ஆயுதங்களை வடிகட்டி, திருப்பி ஏற்றினார்கள். கொஞ்சம் குறைந்தது, பிறகு மெல்ல மெல்ல ஏறியது. மறுபடி வடிகட்டினார்கள். குளிக்கப் போனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு அவள் ஆகியிருந்தாள். மைக்கில் அவள் இல்லாமல் பதினொரு மாதம் ஓடிப்போயிற்று.

இரண்டாவது அழைப்பு ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வந்தது. ஓட்டுநர் அப்போது வண்டியில் இருந்தார். வண்டி ஓட்டும்போது போனைத் தொடுகிறவர் அல்ல. பெரியவளும் நடுப்பிள்ளையும் அம்மாவை அழைத்துப் போனார்கள். ஆய்வகத்து அம்மாள் கலந்தார், காத்திருந்தார், பார்த்தார். மறுபடி கலந்தார். அப்புறம் தொலைபேசியில் சொல்வதை விட்டுவிட்டுத் தானே நடந்து வந்து, மைக்கக்காவின் கட்டிலருகே நின்று சொன்னார்.

"நெகட்டிவ்மா. ஒரு செல்லுகூடச் சாகல."

பதினொன்று இருபதுக்கு எட்டாம் நம்பர் வண்டி நிலையத்துக்குள் நுழைந்தது. பெரியவள் போனில் சொல்லியிருந்த சேதியை மைக்கில் இருந்த பெண் அறிவித்தாள். "எட்டாம் நம்பர் வண்டி ஓட்டுநர் கவனத்திற்கு. நெகட்டிவ். மீண்டும் சொல்கிறேன், நெகட்டிவ்." எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓட்டுநர் கீழே குதித்தார். ஏழு நடைமேடைகளிலிருந்தும் நடத்துநர்கள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். இத்தனை பேர் சேர்ந்து சந்தோஷமாக நெகட்டிவ் நெகட்டிவ் என்று கத்துவதைப் பயணிகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். விஷயம் என்ன என்று அவருடைய நடத்துநர் எடுத்துச் சொன்னதும், வண்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வேறோர் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொள்ள, இவர் மருத்துவமனைக்குப் பறந்தார்.

இதயம் வந்தது, வைத்தார்கள், ஓடியது. அதைச் சொல்வதற்கு ஒரு வரி போதும், செய்வதற்கு ஆறு மணி நேரம் ஆனது. கண் விழித்தபோது மைக்கக்கா முதலில் கவனித்தது தன் மூச்சை. அது எங்கேயும் இடிக்காமல் முழுசாகப் போய்விட்டு வந்தது. அதற்காகவே ஐந்தாறு தடவை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நெகட்டிவ் என்றால் ஏற்கெனவே செய்த ஆயுதம் இல்லை என்றுதான் அர்த்தம், புதிதாகச் செய்ய மாட்டார்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. காவல்காரர்களைத் தூங்கவைக்க நாளுக்கு இரண்டு வேளை மாத்திரை. அவர்கள் உண்மையில் தூங்குகிறார்களா என்று பார்க்க, கழுத்து நரம்பு வழியாக மெல்லிய கம்பியை இறக்கி, இதயத்திலிருந்து எள்ளளவு சதையைக் கிள்ளி எடுத்துக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். முதல் இரண்டு தடவை தொல்லை இல்லை. மூன்றாம் தடவை, காவல்காரர்கள் விழித்துக்கொண்டு இதயத்தின் தசைக்குள் கும்பலாகப் புகுந்திருந்தார்கள்.

மூன்று நாள் கடுமையான மருந்து ஏற்றினார்கள். மைக்கக்காவின் முகம் பூசணியாக ஊதிப்போயிற்று, கை நடுங்கியது. ஆனால் அவள் அழவில்லை, கோபப்பட்டாள். தன் ரத்தத்தோடு வாய்விட்டே சண்டை போட்டாள். "வந்தவங்கள உக்காருன்னு சொல்லத் தெரியாதா உனக்கு? பிள்ளையச் சந்தேகப்பட்ட, புருஷனச் சந்தேகப்பட்ட, இப்ப இதையுமா? பொழைக்க வச்சது இதுதாண்டி!" பக்கத்துக் கட்டில்காரி, யாரைத் திட்டுகிறாள் என்று தெரியாமல் தன் மருமகளை வெளியே அனுப்பிவிட்டாள்.

மருந்து கேட்டதா இல்லையா என்பது அடுத்த கிள்ளலில் தெரியும். இந்தத் தடவையும் அடங்கவில்லை என்றால் இந்த இதயம் நிலைக்காது, அந்தப் பதின்மூன்றில் இன்னொன்றைத் தேட உடம்பில் தெம்பு இல்லை. வீட்டில் ஐந்து பேருக்கும் இது தெரியும். காலையில் கிள்ளி எடுத்தார்கள், பிற்பகல் நான்கு மணிக்கு மருத்துவர் தம் அறைக்குக் கூப்பிட்டார். ஐந்து பேரும் போய் நின்றார்கள். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"பூஜ்யம். ஒரு காவல்காரன்கூட இல்ல. சுத்தமா அடங்கிடுச்சு."

கடைக்குட்டி வீல் என்று கத்தினாள். நடுப்பிள்ளை மருத்துவரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பெரியவள் தாளை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தாள். ஓட்டுநர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். மைக்கக்கா மட்டும் "சரிங்க டாக்டர், ரொம்ப நன்றி" என்றாள், ரேஷன் கடையில் அட்டையைத் திருப்பி வாங்குகிறவள் மாதிரி.

அவளுக்கே அது உறுத்தியது. பிழைத்துவிட்டோம் என்று மனசுக்குத் தெரிகிறது, சந்தோஷம் என்றும் தெரிகிறது. ஆனால் நெஞ்சு ஒரே சீராக, யாருக்கோ நடந்த விஷயம் போல டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு அக்கறையே இல்லையா? அவ்வளவு சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்ததற்கு இதுதானா? நடைக்கூடத்தில் மின்தூக்கியை நோக்கி நடந்தார்கள். மருத்துவரின் அறையிலேயே குடையை விட்டுவிட்டேன் என்றார் ஓட்டுநர். எடுத்து வா என்று நடுப்பிள்ளையை அனுப்பினாள். நாளைக்கு மாத்திரை வாங்க யார் வருவது என்று பேச்சு வந்தது.

அப்போது நெஞ்சுக்குள் ஓர் உதை. அடுத்தது அதைவிட வேகமாக. மைக்கக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரவிக்கைக்கு மேலேயே தெரிகிற மாதிரி அது குதிக்க ஆரம்பித்தது. ஓட்டுநருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரியவள் ஓடிப்போய் மூத்த நர்ஸை இழுத்துவந்தாள்.

நர்ஸ் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, அப்புறம் மைக்கக்காவின் முகத்தைப் பார்த்தாள். "இப்ப ஏதாவது நல்ல சேதி கேட்டீங்களா?"

"கேட்டோம். ஆனா அது அஞ்சு நிமிஷம் ஆச்சே."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "அவ்வளவு நேரம் ஆகும்க்கா. மாத்தி வைக்கும்போது மூளையிலேர்ந்து இதயத்துக்குப் போற நரம்பையெல்லாம் வெட்டிடறாங்க இல்ல? ரத்தக்குழாயத் தச்சுடலாம், நரம்பத் தைக்க முடியாது. போன் லைன் கட்டு. இனிமே எந்தச் சேதியா இருந்தாலும் ரத்தத்துல கரைஞ்சு தபால்லதான் போய்ச் சேரணும். இப்பத்தான் தபால் கிடைச்சிருக்கு. ஒண்ணும் பயம் இல்ல."

ஓட்டுநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குடையோடு வந்த நடுப்பிள்ளை, என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவராகக் கேட்டான். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மைக்கக்கா நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவள் துடைக்கவில்லை. "யாரு பெத்த பிள்ளையோடதோ. நமக்காக எப்படிச் சந்தோஷப்படுது பாருங்க."

ஐந்து பேரும் நடைக்கூடத்தின் நடுவில் வாயைத் திறக்காமல் நின்றார்கள். சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த ஒருவர், வழி கேட்க வாயெடுத்தவர், என்னவென்று தெரியாமலே தானும் நின்றார்.